அக்கா 'ரீடிங் டைப்', தம்பி 'விஷுவல் டைப்'பா? பொருளியலில் மார்க் அள்ளுபவர்கள் படிக்கும் விதம்!

திருத்தங்கலில் இருந்து ஓர் அம்மா இந்த வாரம் கேள்வி அனுப்பியிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ, காமர்ஸ் குரூப். பொருளியலில் எப்போதும் 90-க்கு மேல். மகன் ப்ளஸ் ஒன், அதே குரூப். 50-ஐத் தாண்டுவதே பெரும்பாடு. செல்போனில் வந்த 'லேர்னிங் ஸ்டைல் டெஸ்ட்' ஒன்றை இரண்டு பேரையும் எழுத வைத்திருக்கிறார். அக்கா 'ரீடிங் டைப்', தம்பி 'விஷுவல் டைப்' என்று ரிசல்ட். 'தம்பிக்குப் புத்தகம் ஏறாது, எங்கள் வீடியோ கோர்ஸில் சேருங்கள்' என்று அடுத்த நிமிடமே மெசேஜ். தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. கட்டலாமா?

(வெளியூர்க்காரர்களுக்கு: சிவகாசி பக்கம் தொழிற்சாலைக்கும் 'ஆபீஸ்' என்றுதான் பெயர்.)

கட்ட வேண்டாம் அம்மா. அந்தப் பையனிடம் 'உனக்குப் புத்தகம் ஏறாது' என்ற வார்த்தையையும் யாரும் சொல்ல வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

'ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு. பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், வாசித்து எழுதிப் படிப்பவர், செய்து படிப்பவர்' என்ற நான்கு பிரிவு நியூசிலாந்தில் இருந்து வந்தது. அங்கே பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃப்ளெமிங் 1992-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அவர் ஒருவர் மட்டும் இல்லை. 2004-ல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டு தலைமையிலான குழு தேடிப் பார்த்தபோது, இப்படி 71 விதமான பாணிப் பட்டியல்கள் கிடைத்தன. ஒரே பிள்ளையை 71 பெட்டிகளில் போடலாம்!

ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. பிள்ளைகளுக்கு விருப்பங்கள் வேறு வேறுதான். ஒருத்திக்கு வாசிக்கப் பிடிக்கும், ஒருவனுக்குப் படம் பார்க்கப் பிடிக்கும். கேள்வி அதுவல்ல. பிடித்த வழியிலேயே சொல்லிக் கொடுத்தால் மார்க் கூடுமா என்பதுதான் கேள்வி. அதை நிரூபிக்க ஒரே வழி, 'படம்' பிள்ளைகளையும் 'கேட்கும்' பிள்ளைகளையும் கலந்து, பாதிப்பேருக்குப் படமாகவும் பாதிப்பேருக்குப் பேச்சாகவும் பாடம் நடத்தி, கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை வைப்பது. படம் பிள்ளைகள் படத்தால் ஜெயிக்க வேண்டும், கேட்கும் பிள்ளைகள் பேச்சால் ஜெயிக்க வேண்டும். 2008-ல் ஹரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியல் அறிஞர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டினார்கள். இந்த முறைப்படி செய்த ஆய்வுகளே மிகச் சொற்பம். செய்தவற்றிலும் பல, பாணிக் கொள்கைக்கு எதிராகவே முடிந்திருந்தன. வகுப்பறையில் இதை நம்பிப் பணம் செலவழிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

சரி, அப்படியென்றால் அக்கா எப்படி 90 எடுக்கிறாள்?

இதற்கு முன்பெல்லாம் டாப்பர் பேட்டிகளில் பதில் தேடுவோம். தமிழகத்தில் 2017-ல் இருந்து பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பதில்லை. அதற்கு முந்தைய வருடங்களில் மே மாதம் வந்தால் எல்லாப் பத்திரிகையிலும் ஸ்வீட் ஊட்டும் படமும், 'காலை 4 மணிக்கு எழுந்து படித்தேன்' என்ற வரியும் கட்டாயம் இருக்கும். 4 மணிக்கு எழுந்தும் 60 எடுத்த பிள்ளையை யாரும் பேட்டி எடுத்ததில்லை. அதனால் அந்த 4 மணிக்கு மார்க்கில் என்ன பங்கு என்பது கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

இன்னொரு வேடிக்கை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கே தங்களுக்கு எது உதவுகிறது என்று சரியாகத் தெரிவதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதே கடினம். அங்கே 177 மாணவர்களிடம் 'எப்படிப் படிக்கிறீர்கள்?' என்று கேட்டு, 2009-ல் வெளியிட்டார்கள். 84 சதவிகிதம் பேர் சொன்ன பதில், 'திரும்பத் திரும்ப வாசிப்போம்.' மூடி வைத்துவிட்டுத் தானாக நினைவுபடுத்திப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 11 சதவிகிதம் மட்டுமே.

அந்த 11 சதவிகிதம் பேர் செய்வதுதான் பலன் தருகிறது என்பதற்கு, அதே பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் செய்த சோதனை சாட்சி. மாணவர்கள் ஒரு பத்தியை வாசிக்கிறார்கள். பிறகு ஒரு பிரிவு அதையே இன்னொரு தடவை வாசிக்கிறது. மற்றொரு பிரிவு தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுதுகிறது. 5 நிமிடம் கழித்துப் பரீட்சை வைத்தால் மறுபடி வாசித்தவர்கள் 81 சதவிகிதம், எழுதியவர்கள் 75. 'பார்த்தியா, வாசிச்சதுதான் பெஸ்ட்' என்று தோன்றும். ஒரு வாரம் கழித்து வைத்தபோது தலைகீழ். வாசித்தவர்களுக்கு 42, மூடி எழுதியவர்களுக்கு 56.

பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி வாசித்தது காலையில் பளிச்சென்று இருப்பதும், அரையாண்டு லீவு முடிந்து வந்தால் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருப்பதும் இதனால்தான். தம்பிக்கு வீடியோ பார்க்கும்போது 'எல்லாம் புரிகிறது' என்று தோன்றுவதும் இதே கணக்குதான். புரிவது ஒன்று, பிறகு தேடினால் கிடைப்பது வேறொன்று. வீடியோவைத் திட்டவில்லை. பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நான்கு வரி எழுதினால் வீடியோவும் நல்ல வாத்தியார்தான். இலவச வீடியோவே போதும்.

இப்போது விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். 1985-ல் உருவான மாவட்டம். ப்ளஸ் டூ தேர்ச்சியில் முதலிடம் என்றால் பல வருடங்கள் இந்தப் பெயர்தான் வந்தது. 2023-லும் 97.85 சதவிகிதத்தோடு முதலிடம். வானம் பார்த்த பூமி, பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று பிழைக்கும் மாவட்டத்துக்கு இது எப்படி வாய்த்தது? வேர் பழையது. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா பள்ளிக்காக வீடுகளில் தினமும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்தான் காமராஜர்.

ஆனால் இந்த மண்ணுக்கு மறுபக்கமும் உண்டு. பள்ளிக்குப் போக வேண்டிய கைகள் கட்டை அடுக்கிய காலம். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் பற்றிய எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த முதலாளி குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்றது. ப்ளஸ் ஒன் புத்தகத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு டூ மார்க் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பு. திருத்தங்கலில் இன்று நாற்பதைத் தாண்டிய பல பெண்களுக்கு அந்த வரையறையைப் புத்தகத்தில் காட்ட வேண்டியதில்லை. அவர்கள் பள்ளிக்குப் போன ஒவ்வொரு நாளும் வீட்டில் ஒரு நாள் கூலி குறைந்தது. அந்தச் செலவை ஏற்று அனுப்பிய வீடும் இருந்தது, ஏற்க முடியாத வீடும் இருந்தது.

இதைச் சும்மா உருக்கத்துக்காகச் சொல்லவில்லை. பொருளியலில் நன்றாக எழுதும் பிள்ளைகளிடம் கவனிக்க வேண்டிய முக்கியமான பழக்கம் இதுதான். புத்தகத்தில் உள்ள சொல்லை வாசலில் உள்ள பொருளோடு கட்டிப் போடுவது. அதற்கு சிவகாசி வட்டாரத்தைவிட வசதியான இடம் கிடைக்காது.

'தேவை நெகிழ்ச்சி' எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி 2007-ல் 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆனது. அதன்பிறகு 14 வருடம் அதே விலை. 2021 டிசம்பர் 1-ல் இருந்து 2 ரூபாய். ஒரேயடியாக நூறு சதவிகித உயர்வு! உங்கள் வீட்டில் விளக்கேற்றுவதைப் பாதியாகக் குறைத்தீர்களா? இல்லை. வருமானத்தில் அது ஒரு துளி. விலை ஏறினாலும் வாங்குவது பெரிதாகக் குறையாது. இதுதான் நெகிழ்ச்சி குறைந்த தேவை. இதை ஒருமுறை யோசித்த பிள்ளைக்கு மனப்பாடம் தேவையில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். மலிவு லைட்டர்கள் கடையில் வந்து குவிந்ததும் தீப்பெட்டி வியாபாரம் அடிவாங்கியது. தீப்பெட்டி விலை மாறவில்லை, ஆனாலும் வாங்குவது குறைந்தது. விலை மாறினால் கோட்டின் மேலேயே நகர்வோம். மற்ற காரணம் மாறினால் கோடே இடம் மாறும். ஃபைவ் மார்க்கில் பாதிப்பேர் குழம்பும் இடம் இது. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டதே, அப்போது தீப்பெட்டியின் தேவைக்கோடு எந்தப் பக்கம் நகரும்? வலப்பக்கம் என்று தம்பி சொல்லிவிட்டால், அந்தப் பாடம் முடிந்தது.

ப்ளஸ் டூவில் 'தேசிய வருவாய்' பாடத்தில் இரட்டைக் கணக்கீடு வரும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். குச்சி செய்பவர் ஒரு பெட்டிக்கான குச்சியை 30 காசுக்கு விற்கிறார். தீப்பெட்டி ஆபீஸ் அதை வாங்கிப் பெட்டியாக்கி 1.20-க்கு விற்கிறது. கடைக்காரர் 2 ரூபாய்க்கு விற்கிறார். மூன்றையும் கூட்டினால் 3.50. நாட்டில் உருவானதோ 2 ரூபாய் மதிப்புதான். ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்ததை மட்டும் கூட்டுங்கள்: 30 காசு, 90 காசு, 80 காசு. சரியாக 2 ரூபாய். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிக் கொடுக்கலாம்.

சுற்றுச்சூழல் பாடத்தில் 'எதிர்மறைப் புறவிளைவு' என்று ஒரு பயமுறுத்தும் சொல். சரவெடி வாங்கியவர் பில்லில் கட்டியது பட்டாசின் விலையை மட்டும். புகையால் இருமிய பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மருந்துச் செலவு அந்த பில்லில் இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் அனுமதி மறுத்து, பசுமைப் பட்டாசு மட்டும் என்றதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. அதே தீர்ப்பால் சரவெடி பின்னிப் பிழைத்தவர் வேலை இழந்தால் அது எந்த வகை வேலையின்மை? தீபாவளி முடிந்து ஆலை மூடிக் கிடக்கும் நாட்களின் வேலையின்மையும் இதுவும் ஒன்றா? வீட்டில் இரண்டு நிலைமையையும் பார்த்த பிள்ளை, 'பருவகால வேலையின்மை', 'அமைப்பு சார் வேலையின்மை' இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. சென்னைப் பிள்ளைக்கு இது வெறும் வரையறை.

ஓர் எச்சரிக்கை. உதாரணம் மட்டும் மார்க் தராது. ப்ளஸ் டூ பொருளியல் எழுத்துத் தேர்வு 90 மார்க், அகமதிப்பீடு 10. ஒன் வேர்டு 20, டூ மார்க் 14, த்ரீ மார்க் 21, ஃபைவ் மார்க் 35. ஒன் வேர்டை மட்டும் உருப்போட்டால் கையில் இருப்பது 20தான். ஃபைவ் மார்க்கில் இலக்கணம், வரைபடம், விளக்கம் மூன்றும் வேண்டும். வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகுபவர்கள் தேர்வில் அச்சுக்குப் பெயர் எழுத மறப்பார்கள். வெறும் தாளில் தானாகப் போட்டு, பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு, தப்பைச் சிவப்பில் திருத்துபவர்கள் மறப்பதில்லை. 'எனக்கு விஷுவல் மெமரி இல்லை' என்று சொல்லும் பிள்ளையும் விலையை நிமிர்ந்த அச்சிலும் அளவைப் படுத்த அச்சிலும் போட்டே ஆக வேண்டும். தேவைக்கோட்டைக் காதால் கேட்டுப் படிக்க முடியாது! பாணியை முடிவு செய்வது பிள்ளையின் 'டைப்' அல்ல, பாடம்.

இப்போது எல்லாப் பிள்ளைகளும் வெறுக்கும் ஒரு பொருளுக்கு வக்காலத்து வாங்கப் போகிறேன். ஸ்லிப் டெஸ்ட். காலையில் ஸ்பெஷல் கிளாஸில் பாதித் தாளைக் கிழித்து எழுதுவோமே, அதேதான். செயின்ட் லூயிஸில் 2006-ல் நிரூபித்த விஷயத்தை நம் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பேப்பர் கட்டோடு தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று. தப்பாக எழுதினால் பத்து தடவை இம்போசிஷன் என்றாகும்போது அது தண்டனையாகிவிடுகிறது, பிள்ளை பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கிறது. மார்க் போடாத ஸ்லிப் டெஸ்ட்தான் வீட்டுக்கு ஏற்றது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத அம்மாவும் நடத்தலாம். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லு தாயி, வங்கி பாடத்துல என்ன இருக்கு?" என்றால் போதும். விடை சரியா என்று புத்தகம் சொல்லும்.

இதில் கேட்பவருக்கும் லாபம், சொல்பவருக்கு அதைவிட லாபம். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்கள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதிப் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துத் தன் பள்ளியிலும் மணலைக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797-ல் அதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே போனது. திருத்தங்கல் அம்மாவுக்கு வீட்டிலேயே அந்த வசதி இருக்கிறது. அக்கா போன வருடம் படித்த பாடத்தைத் தம்பிக்குச் சொல்லட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அவன் திருப்பிச் சொல்லட்டும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் வேண்டாம். இன்று அரை மணி, மூன்று நாள் கழித்துக் கால் மணி, அடுத்த வாரம் பத்து நிமிடம். இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்ப்பதும், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும்தான் ஜான் டன்லோஸ்கி குழு 2013-ல் அலசிய பத்து படிப்பு முறைகளில் முதல் தரமாக நின்றவை. அடிக்கோடு போடுவதும் மறுவாசிப்பும் கடைசித் தரத்துக்குப் போயின. ஹைலைட்டர் ரசிகர்கள் மன்னிக்க.

தம்பி விஷயத்தில் ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் அவனுக்கு இடம் மாறித் தெரிகிறதா, ஒரு வரியை வாசிக்க மிகவும் திணறுகிறானா, போர்டு மங்கலாகத் தெரிகிறதா? அப்படியென்றால் அது 'டைப்' அல்ல. முதலில் கண் பரிசோதனை. பிறகு, தேவைப்பட்டால், கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு, பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். இந்தப் பிள்ளைகளிடம் 'நீ விஷுவல் டைப்' என்று ஒரு ஆப் சொல்லிவிட்டுப் போவது, காய்ச்சலுக்கு ஜாதகம் பார்ப்பது மாதிரி.

அக்கா, தம்பி இரண்டு பேருக்குமாக ஒரு கேள்வி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். கையால் செய்த தீப்பெட்டிக்கு முதலில் ஜி.எஸ்.டி 5 சதவிகிதம், மெஷினில் செய்ததற்கு 18 சதவிகிதம். 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவிகிதம் ஆக்கினார்கள். இதனால் யாருக்கு லாபம்: கட்டை அடுக்கும் அம்மாவுக்கா, மெஷின் வைத்திருக்கும் முதலாளிக்கா, கடையில் வாங்கும் நமக்கா? ஒரு ஃபைவ் மார்க் அளவுக்கு, வரைபடத்தோடு எழுதிப் பாருங்கள். விடை அடுத்த வாரம்.